தர்மத்துக்குத்தானே, இது போதாதா?

தையல் தெரிந்த பெண்கள் நாலு பேர் சேர்ந்து, ஆஸ்பத்திரியில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பளிச்சென்று ஒட்டுத்துணிப் போர்வை தைத்துக் கொடுக்கலாம் என்று பேச ஆரம்பித்தால் போதும், வீடு தேடி மூட்டைகள் வந்துவிடும். பிரித்தால் சுடிதார் தைத்த மீதி, பிளவுஸ் வெட்டிய மிச்சம், ஆசைப்பட்டு வாங்கிப் பிடிக்காமல் போன ஜார்ஜெட், திரைச்சீலையில் அரை மீட்டர், கொலுப்படிக்கு விரித்த ஜிகினாத் துணி. ‘எல்லாம் கலர் கலரா இருக்கு, பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்’ என்ற சொல்லும் கூடவே வரும். இது சரிப்படாதே என்று தயங்கினால், ‘தர்மத்துக்குக் குடுக்கறதுதானே அக்கா, இவ்வளவு பார்க்கணுமா?’ என்று கேட்பார்கள்.

இந்தப் பேச்சை நான் முழு மனத்தோடு மறுக்கிறேன். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. கொடுக்கும் மனம் இருப்பதால்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்த நல்ல மனம் தவறான இடத்தில் கணக்குப் பார்க்கிறது என்பதே என் வருத்தம். நம் வீட்டுப் பிள்ளைக்குத் தைக்கும் போர்வையில் துணி கொஞ்சம் முன்பின் இருந்தாலும் சமாளித்துவிடலாம். சாயம் போகும் என்று தெரிந்தால் தனியாக அலசுவோம், நிழலில் உலர்த்துவோம், ஓரம் பிரிந்தால் அன்று மாலையே மெஷினில் ஒரு ஓட்டு ஓட்டிவிடுவோம். முன்பின் தெரியாத வீட்டுக்குப் போகும் போர்வைக்கு இந்தக் கவனிப்பு எதுவும் கிடைக்காது. வார்டில் இருக்கும் தாய் அதை மற்ற துணியோடு ஒரே வாளியில் பவுடர் போட்டு ஊறவைப்பாள். அவளுக்கு இருப்பது ஒரு வாளி, ஒரு குழாய், கொஞ்ச நேரம். கொடுத்ததைக் கடையில் கொண்டுபோய் மாற்றவும் முடியாது. ‘எனக்கு இது வேண்டாம்’ என்று சொல்ல வாயும் வராது. அதனால்தான் சொல்கிறேன், தர்மத்துக்குத் தைப்பது நம் வீட்டுக்குத் தைப்பதைவிட ஒரு படி உசத்தியான துணியில், உசத்தியான நூலில், உறுதியான ஓரத்தோடு இருக்க வேண்டும்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பழமொழியே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அது வாங்குபவருக்குச் சொன்ன புத்தி. கொடுப்பவர் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் தொழுவத்திலிருந்து அவிழ்க்க வேண்டும். வாங்குபவர் பேச மாட்டார் என்று தெரிந்தே கொடுக்கிறோம் என்பதால் நம் பொறுப்பு இரட்டிப்பாகிறது.

கண்ணால் பார்த்த பாடம் நம் மாநிலத்திலேயே உண்டு. 2004 டிசம்பரில் வந்த சுனாமிக்குப் பிறகு, கடலோர மாவட்டங்களில் சாலையோரம் பழந்துணி மலை மலையாகக் கிடந்தது. நாட்டின் பல மூலைகளிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்கிய துணி அது. வீட்டையும் படகையும் பறிகொடுத்த மீனவக் குடும்பங்கள் அதை எடுத்து உடுத்த மறுத்தார்கள். அதைத் திமிர் என்று பேசியவர்களும் உண்டு. எனக்கு அது திமிராகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் இழந்த பிறகு மிச்சம் இருந்த ஒரே சொத்தான மானத்தை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். டெல்லியில் 1999-இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு பிற்பாடு அந்தக் குவியல்களில் கைவைத்து, தரம் பிரித்து, உருப்படியாக்கும் வேலையைச் செய்தது. பழந்துணியை நம்பியே நடக்கும் அமைப்பு அது. அவர்களுக்கே முதல் வேலை தரம் பிரிப்பதுதான். நம் வீட்டு மூட்டைக்கு மட்டும் அது வேண்டாமா?

இனி நிறத்துக்கு வருகிறேன். நோயோடு கிடக்கும் பிள்ளைக்கு நல்ல நிறம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. வெளிறிய சுவர், பச்சைத் திரை, மருந்து வாடை, இவற்றுக்கு நடுவே மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் மயில்கழுத்து நீலமுமாக ஒரு போர்வை கிடந்தால் பிள்ளையின் கண் அங்கேதான் போகும். நான் எதிர்ப்பது அடுத்த வாக்கியத்தை: ‘அடர் கலர்னா குறை தெரியாது, அழுக்கும் தெரியாது, அதனால எந்தத் துணியும் போகும்.’ இது சுத்தப் பிழை. நிறம் அடர்த்தியாக ஆக, துணி நல்லதாக இருந்தே தீர வேண்டிய கட்டாயமும் ஏறுகிறது. தண்ணீரில் போட்டதும் முதலில் காட்டிக்கொடுப்பது அடர் சிவப்பு, மெரூன், நேவி, கரும்பச்சை. வெளிர் நிறத்துணி மட்டமாக இருந்தால் அது தன்னை மட்டும் கெடுத்துக்கொள்ளும். அடர் நிறத்துணி மட்டமாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் அத்தனையையும் கெடுக்கும்.

எங்கள் குழுவுக்கு ஒருமுறை ஒரு போர்வை வந்தது. சிவப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிக் கட்டம் போட்டது. தைத்தவர் கை நல்ல தேர்ந்த கை. மூலைக்கு மூலை ஊசிமுனை பிசகாமல் பொருந்தியிருந்தது. கொடுப்பதற்கு முன் ஒரு தண்ணி அலசிவிடலாம் என்று ஊறவைத்தோம். எடுத்துப் பார்த்தபோது வெள்ளைக் கட்டங்கள் ரோஸாகிக் கிடந்தன. அதுவும் ஒரே சீரான ரோஸ் இல்லை. தையல் மடிப்பை ஒட்டிக் கோடு கோடாகவும் நடுவில் திட்டுத் திட்டாகவும், தோய்த்தும் போகாத ரத்தக்கறை போல. ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் படுக்கையில் அதை யார் விரிப்பார்கள்? ஒரு பெண்ணின் பல வார உழைப்பு, சிவப்புத் துணியை முன்கூட்டி நனைத்துப் பார்க்காத ஒரே காரணத்தால் வீணாயிற்று. அவரிடம் இதைச் சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை. அவருக்குச் சாயம் போகாத துணியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க யாரும் இல்லாமல் போனதே என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத குறை.

சாயத்தை ‘நிறுத்த’ உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தால் போதும் என்று ஒரு நம்பிக்கை வீட்டுக்கு வீடு இருக்கிறது. இதைத் துணிந்து மறுக்க வேண்டும். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பருத்தித் துணியில் பெரும்பகுதி, 1956-இல் ஐ.சி.ஐ. நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த ரியாக்டிவ் சாய வகையில் தோய்ந்தது. சாயப்பட்டறையில் உப்புக்கு வேலை உண்டு, சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலை நோக்கித் தள்ளுவது அது. அதன் பிறகு சோடா போன்ற காரம்தான் சாயத்தையும் நூலையும் இறுகப் பிணைக்கிறது. பிணையாமல் மேலே தங்கிவிட்ட சாயத்தைக் கொதிநீரில் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்ப அலசி எடுக்க வேண்டும். அந்த அலசலில் மிச்சம் பிடித்த துணிதான் நம் வாளியில் சாயம் விடுகிறது. நாம் போடும் உப்பு அந்தப் பிணைப்பை உண்டாக்காது, வினிகரும் உண்டாக்காது. செய்யக்கூடியது, பட்டறை செய்யாமல் விட்டதை நாம் செய்வது ஒன்றே: சுடுதண்ணீர், கொஞ்சம் சோப்புத்தூள், அலசல், தண்ணீர் தெளியும்வரை மறுபடியும் அலசல். நாலைந்து அலசலிலும் தெளியவில்லை என்றால் அந்தத் துணி எவ்வளவு அழகாக இருந்தாலும் போர்வைக்கு ஆகாது. காலடி மிதியடிக்கு வைத்துக்கொள்ளலாம்.

சோதிக்க வழியும் எளிது. துண்டு ஒன்றைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வெந்நீரும் சோப்பும் கலந்து அரை மணி போட்டு வையுங்கள். எடுத்து, ஈரத்தோடு வெள்ளை மல் துணியில் வைத்து மடித்து உலரவிடுங்கள். கிண்ணத்துத் தண்ணீரில் லேசாக நிறம் இறங்கினாலும் வெள்ளைத் துணியில் தடம் பதியவில்லை என்றால் தப்பித்தது. தடம் பதிந்தால் விலக்குங்கள். புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும்போதுகூட அதை நனைத்து உலர்த்தாமல் நம் ஊரில் எந்தப் பெண்ணும் தைக்கமாட்டாள். பிளவுஸுக்கு லைனிங் வாங்கினால் இரவே ஊறவைத்துவிடுவாள். ‘முதல் தண்ணிக்குத் தனியா அலசு’ என்பது சுங்குடி வாங்கும் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். இத்தனை ஞானமும் தர்மம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கே போய்விடுகிறது?

சாயம் போவதும் ஒரு அழகு என்று வாதிடுபவரையும் சந்தித்திருக்கிறேன். அவர்கள் சொல்லும் உதாரணம் சென்னையின் பெயர் தாங்கிய மெட்ராஸ் செக். இங்கே நெய்து போன அந்தக் கட்டம் போட்ட துணியை 1960-களில் அமெரிக்காவில் சாயம் போவதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள், வசதி படைத்த மாணவர்களும் விரும்பி வாங்கினார்கள். உண்மைதான். தெரிந்து, விரும்பி, காசு கொடுத்து வாங்கியவன் ஒரு சட்டை வெளிறுவதை ரசிக்கலாம். பக்கத்துச் சட்டையில் கறை பட்டால் வேறு சட்டை வாங்கவும் அவனால் முடியும். கேட்காமலே கையில் திணிக்கப்பட்ட போர்வை, அந்த வீட்டில் இருக்கும் ஒரே நல்ல பள்ளிச் சட்டையில் சாயம் ஏற்றினால் அதை ரசிக்கச் சொல்ல நாம் யார்?

துணியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நிறத்தை மட்டும் பார்த்து வாங்குவது அடுத்த தவறு. மலிவு பாப்ளின் கடையில் விறைப்பாக, பளபளவென்று இருக்கும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அழுத்தித் தேயுங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அந்த விறைப்பு நூலுடையதல்ல, கஞ்சியுடையது. தேய்த்த இடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சல்லடை மாதிரி தெரியும். முதல் தண்ணியில் கஞ்சி போனபின் முழுத் துணியும் அப்படித்தான் ஆகும், தையல் விளிம்பில் நூல் நழுவிப் பிரியும். அச்சுத் துணியாக இருந்தால் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். முன்பக்கம் கொழுந்துவிட்டு எரியும் ஆரஞ்சு, பின்பக்கம் ஏறக்குறைய வெள்ளை என்றால், நிறம் பெரும்பாலும் பசை வைத்து மேலே ஒட்டியதாக இருக்கும், நூலுக்குள் இறங்கியிருக்காது. அது மடிப்பில் முதலில் தேயும், பிறகு கசங்கிய கோடாக வெளுக்கும். கெட்டி நிறப் பருத்தி, முன்னும் பின்னும் ஒரே நிறமாக இருப்பது, மீட்டருக்குச் சில ரூபாய் கூட இருந்தாலும் அதுதான் நிற்கும். நல்ல கேம்பிரிக் போதும். வெளிநாட்டிலிருந்து வரும் குவில்ட் துணிதான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது வேறொரு பகட்டு. சென்னைக் கோடவுன் தெருவிலும் ஈரோட்டு ஜவுளிச் சந்தையிலும் கிடைக்கும் துணியிலேயே, பொறுக்கத் தெரிந்தவருக்குப் பஞ்சமே இல்லை.

கலப்பு இன்னொரு வம்பு. பருத்தி முதல் துவையலில் நூற்றுக்கு மூன்று, நாலு, சமயத்தில் ஐந்து பங்குகூடச் சுருங்கும். வெளுக்காத கோராவும் காடாவும் அதற்கு மேலும் போகும். பாலியெஸ்டர் ஜார்ஜெட்டும் சாட்டினும் சுருங்காது. திருப்பூரிலிருந்து கிலோக் கணக்கில் வரும் பனியன் துண்டோ இழுத்த பக்கமெல்லாம் நீளும். இவை எல்லாவற்றையும் ஒன்றாய்ச் சேர்த்துத் தைத்த போர்வை தைத்த அன்று தட்டையாக இருக்கும். துவைத்த அன்று ஒவ்வொரு துண்டும் தன் இஷ்டத்துக்குச் சுருங்கி, நீண்டு, தையலை இழுத்துப் பிய்க்கும். பனியன் துணியை வீணாக்க மனமில்லை என்றால் பனியனில் மட்டும் ஒரு முழுப் போர்வை தையுங்கள், அதற்கென்று ஒட்டுக் கேன்வாஸ் கொடுத்து இழுவையை அடக்கிவிட்டு. மெல்லிய பிளவுஸ் துணி பக்கத்திலேயே அதை ஒட்டாதீர்கள்.

நிறைய நிறம் இருந்தால் நிறையப் பளிச்சென்று இருக்கும் என்ற எண்ணமும் சரியில்லை. பூ அச்சு, யானை அச்சு, கட்டம், புள்ளி என்று எல்லாமே உரத்துக் கத்தும் துணியாக இருந்தால் கண் எங்கும் நிற்காமல் சோர்ந்துபோகும். மஞ்சள் எரிவது பக்கத்தில் ஆழ்ந்த நீலம் இருக்கும்போது. சிவப்பு பேசுவது சந்தனமோ வெளிர் சாம்பலோ பக்கத்தில் அமைதியாக இருக்கும்போது. நல்ல துணி வகையில் ஐந்தாறு கெட்டி நிறம், ஒரே ஒரு அச்சு, கொஞ்சம் வெளிர் நிறம் என்று எடுத்தால் முப்பது விதத் துண்டு சேர்த்ததைவிடப் போர்வை பிரகாசமாக இருக்கும். செலவும் குறையும்.

உள்ளே வைக்கும் பஞ்சைப் பற்றிப் பேசினால் இலவம்பஞ்சை விட்டுக்கொடுக்காதவர்கள் பலர். போடிநாயக்கனூர் இலவம்பஞ்சு மெத்தையில் உறங்கி வளர்ந்தவள்தான் நானும். அந்தச் சுகத்துக்கு ஈடில்லை. ஆனால் மெத்தையை நாம் துவைப்பதில்லை, வெயிலில் காயவைத்து அடித்துத் திரும்பப் போடுகிறோம். இலவ இழை உள்ளே காற்றடைத்த குழல், மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீரில் மிதக்கும் குணத்தால் ஒரு காலத்தில் கப்பலில் உயிர்காக்கும் மேலங்கிக்கு அதைத்தான் அடைத்தார்கள். போர்வைக்குள் வைத்துப் பிழிந்தால் ஒரு மூலையில் கட்டியாகத் திரண்டுவிடும், திரும்பப் பிரிக்க முடியாது. சுலபத்தில் தீப்பிடிக்கவும் பிடிக்கும். இயற்கையானது என்ற ஒரே தகுதி இங்கே போதாது. தகடாக வரும் பருத்தி வாடிங்கோ மெல்லிய பாலியெஸ்டர் வாடிங்கோதான் துவையலைத் தாங்கும். தடிமனாக வைத்தால் தாராளம் என்று நினைப்பதும் தவறு. சென்னையிலோ மதுரையிலோ பிள்ளைக்கு வேண்டியது ஏ.சி. வார்டின் குளிரைத் தடுக்கும் அளவு. தடித்த போர்வை ஒரு நாளில் உலராது, உலராதது நாறும், நாறியதை ஓரமாய்ச் சுருட்டி வைத்துவிடுவார்கள். ஊட்டியில் இருக்கும் ஒரு விடுதிக்குத் தைத்தால் கணக்கு வேறு. யாருக்குப் போகிறது என்று தெரியாமல் பஞ்சு வாங்கவே கூடாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிறந்த குழந்தைக்கென்று குட்டிப் போர்வை தைக்கப் பலருக்கு ஆசை. ஒரு வயது நிரம்பும்வரை, தூங்கும் குழந்தையின் பக்கத்தில் தளர்ந்த போர்வையோ தலையணையோ வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் திட்டமாகச் சொல்கிறது, மூச்சடைக்கும் ஆபத்து. பச்சிளங்குழந்தை வார்டுக்குப் போர்வை கொடுப்பதைவிட, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தைப்பது நல்லது.

இனி ஓரமும் அலங்காரமும். மேல்பக்கத்துக்கு மாதக்கணக்கில் உழைத்துவிட்டு ஓரத்தில் கைவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. ‘பளிச்சுனு இருக்கட்டும்’ என்று சாட்டின் ரிப்பன் வைத்து மடித்துவிடுவார்கள், அல்லது லேஸ் வைத்துச் சுற்றுவார்கள். போர்வையில் முதலில் தேய்வது ஓரம்தான். பிள்ளை பிடித்து இழுப்பதும், வாயில் வைத்துக் கடிப்பதும், கட்டில் கம்பியில் உரசுவதும் அங்கேதான். சாட்டினில் ஒரு இழை மாட்டினால் கோடு கோடாக இழுத்துக்கொண்டே போகும். லேஸ் துளையில் குழந்தையின் விரல் சிக்கும், சலைன் குழாயும் சிக்கும். சமிக்கி, மணி, பொத்தான் வைத்து யானைக்குக் கண் வைப்பது சின்னப் பிள்ளை இருக்கும் இடத்தில் அபாயம். பிய்ந்து வாய்க்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கண்ணை நூலால் எம்பிராய்டரி செய்தால் அதே யானை சிரிக்கத்தான் செய்யும்.

ஓரத்துக்கு மேல்துணியின் அதே தரமுள்ள பருத்தி வேண்டும். 2.5 அங்குல அகலப் பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து வைத்தால் விளிம்பில் துணி இரட்டையாக நிற்கும், ஒன்று தேய்ந்தாலும் மற்றது இருக்கும். நேர் ஓரத்துக்கு நேர்ப்பட்டி போதும், வளைவு இருந்தால் மட்டும் கிராஸ் பட்டி. 40க்கு 60 அங்குலப் போர்வைக்குச் சுற்றளவு 200 அங்குலம். 44 அங்குல அகலத் துணியில் இப்படி ஆறு பட்டி வெட்டினால் மூலைக்கும் இணைப்புக்கும் சேர்த்துத் தாராளமாக வரும். ஆறு பட்டிக்கு ஆகும் துணி 15 அங்குலம், 40 சென்டிமீட்டர்கூட இல்லை. போர்வையின் ஆயுளைத் தீர்மானிக்கும் இடத்துக்கு அரை மீட்டருக்கும் குறைவான துணி, அதிலும் மிச்சம் பிடிக்க வேண்டுமா?

ஓரத்தின் பின்பக்கத்தைக் கையால் தைத்தால்தான் அன்பு தெரியும் என்பார்கள். கைத்தையலின் அழகை நான் குறைத்துப் பேசமாட்டேன். அருங்காட்சியகத்தில் தொங்குவதற்கு அது பொருத்தம். வாரத்துக்கு இரண்டு முறை அடித்துத் துவைக்கப்படும் போர்வைக்கு மெஷின் தையல்தான், முன்னும் பின்னும் பிடிக்கிற மாதிரி, அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல். நூலும் அப்படியே. பருத்தித் துணியைப் பாலியெஸ்டர் நூல் அறுத்துவிடும் என்று சொல்லிச் சொல்லி எல்லோரையும் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். நாம் உடுத்தும் பருத்திச் சட்டைகளில் பாதிக்கு மேல் எந்த நூலில் தைத்தது என்று பார்த்தால் அந்தப் பயம் தெளியும். பெட்டியடியில் பல வருஷம் கிடந்து இற்றுப்போன நூற்கண்டு எதுவும் போர்வைக்கு ஆகாது. ஒரு முழம் எடுத்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், பட்டென்று அறுந்தால் தூக்கிப் போடுங்கள்.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதில் கனமானது ஒன்று உண்டு. உலகத்தின் பெரிய ஒட்டுத்துணிப் போர்வைகள் எல்லாமே கந்தலில் பிறந்தவைதானே என்பது. வங்காளத்துக் காந்தா பழைய புடவையில் தைத்தது. பீகாரின் சுஜனியும் அப்படியே. வட கர்நாடகத்துச் சித்திப் பெண்கள் பழந்துணியை ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போய்க் கவந்தி செய்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர்க் கறுப்பினப் பெண்கள் வயல்வேலைக்கு உடுத்தித் தேய்ந்த கால்சட்டையிலும் சட்டையிலும் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துச் சுவரில் ஏறின. 2006-இல் அந்நாட்டு அஞ்சல்தலையிலும் வந்தன. நம் பாட்டிமார் நைந்த நூல்புடவையை அடுக்கித் தைத்த விரிப்பில்தான் நாம் தவழ்ந்தோம்.

இதை நான் தலைவணங்கி ஏற்கிறேன். ஏற்றுக்கொண்டுதான் கேட்கிறேன்: அவர்கள் எந்தக் கந்தலை எடுத்தார்கள்? தன் உடம்பில் பல வருஷம் கிடந்த துணியை எடுத்தார்கள். போக வேண்டிய சாயமெல்லாம் போய், சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, மிருதுவாகி, அதன் குணம் ஒவ்வொரு இழையும் தெரிந்த துணி அது. முழங்காலில் நைந்த இடத்தை வெட்டித் தள்ளி, மடிப்புக்குள் வெயில் படாமல் திடமாக இருந்த இடத்தைப் பொறுக்கி வைத்தார்கள். தன் பிள்ளைக்கு, தன் கூரைக்கு அடியில், கிழிந்தால் தானே தைக்கப் போகிற கையால் தைத்தார்கள். கந்தல் என்று நாம் சொல்லும் அதில் இருந்த பொறுக்கலும் பரீட்சையும் நம்முடைய புதுத்துணி மிச்ச மூட்டையில் துளிகூட இல்லை. யாரும் ஒரு தண்ணிகூட நனைத்திராத துணி அது, யாருக்குப் போகிறது என்றும் தெரியாது. பாட்டியைச் சாட்சிக்கு அழைப்பவர் பாட்டியின் கண்ணையும் விரலையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும்.

‘இவ்வளவு நிபந்தனை போட்டா யாரும் தரமாட்டாங்க, பத்துப் போர்வை வர்ற இடத்துல நாலுதான் வரும்’ என்பது கடைசி வாதம். நாலு வரட்டும். அமெரிக்காவில் 1995 முதல் நோயிலும் துயரத்திலும் இருக்கும் பிள்ளைகளுக்குப் போர்வை சேர்த்துக் கொடுக்கும் ‘புராஜெக்ட் லைனஸ்’ கேட்பது புதியதாகவும், கையால் செய்ததாகவும், துவைக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று. போரால் பாதிக்கப்பட்ட படைவீரர்களுக்காக 2003-இல் தொடங்கிய ‘குவில்ட்ஸ் ஆஃப் வேலர்’ இன்ன அளவுக்குக் குறையக் கூடாது, இன்ன அளவைத் தாண்டக் கூடாது என்று அங்குலக் கணக்கில் வரையறை வைத்திருக்கிறது. அங்கே தைப்பவர்களும் நம்மைப் போலக் கூலி வாங்காதவர்கள்தான். நிபந்தனையைக் கண்டு யாரும் ஊசியைக் கீழே வைத்துவிடவில்லை.

செலவும் பயப்படும்படி இல்லை. நான் சொன்ன அளவுப் போர்வைக்கு அடித்துணி 1.75 மீட்டர் போதும், சுருங்குவதும் அதில் அடக்கம். ஓரத்துக்கு 40 சென்டிமீட்டர், வாடிங் ஒரு துண்டு, மேலுக்கு ஐந்தாறு நிறத்தில் கொஞ்சம் கொஞ்சம். ஐந்து பேர் சேர்ந்தால் ஆளுக்கு வரும் பங்கு ஒரு சாதாரணப் புடவையின் ஃபால்ஸ், பிளவுஸ் தையல்கூலி அளவுக்குள்தான் நிற்கும். மீதித் துணி மூட்டையைத் தூக்கி வருபவரிடம் ‘வேண்டாம்’ என்று முகத்தில் அடித்துச் சொல்லத் தேவையில்லை. ‘இதுல பருத்தி மட்டும் பிரிச்சு, நனைச்சுப் பார்த்துக் குடுங்கம்மா’ என்றால் பாதிப் பேர் செய்து தருவார்கள். செய்ய மனமில்லாதவர் துணியைத் திரும்ப எடுத்துப் போகட்டும்.

ஒரு நடைமுறை விஷயம். ஆஸ்பத்திரிச் சலவையில் கிருமி போக 71 டிகிரி வெந்நீரில் 25 நிமிஷம் சுழற்றுவது ஒரு நியமம். சலவை முறையைப் பொறுத்துப் பிளீச்சிங்கும் சேரும். அடர் நிறப் பருத்தி அந்த வெந்நீரை ஓரளவு தாங்கும், பிளீச்சிங்கைத் தாங்கும் சாயம் குறைவு. அறுவை அறைத் துணிக்குப் பயன்படும் வேட் சாயம் தாங்கும். சில்லறைக் கடையில் அதைக் கேட்டு வாங்குவது கஷ்டம். ஆகவே போர்வையை வார்டின் கணக்கில் சேர்க்காமல் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஓர மடிப்புக்குள் ஒரு பருத்தி நாடாவைச் சேர்த்துத் தையுங்கள். கொடுத்தவர் பெயரும் சங்கத்தின் பெயரும் அதில் வேண்டாம். ‘பருத்தித் துணி. சுடுதண்ணீரில் துவைக்கலாம். பிளீச்சிங் போடக் கூடாது. இது பிள்ளைக்குச் சொந்தம், வீட்டுக்குப் போகும்போது எடுத்துப் போகலாம்’ என்று தமிழில் எழுதுங்கள். எழுதும் மையையும் முதலில் நாடாத் துண்டு ஒன்றில் எழுதி, சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிடுங்கள். மை கரைந்தால் அந்த நாலு வரியையும் நூலால் தைத்துவிடுவது நல்லது.